வரிசையில் நின்ற குடம்

1

போன மாதம் நான் கடல் தாண்டி வந்திருக்கும் இந்த ஊர்ச் சட்டசபைக் கட்டடத்துக்குள் என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று நடுங்கிப் போனேன். நான் அப்படி ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு பையைத் தரையில் வைத்தேன், அவ்வளவுதான்.

உள்ளே போய்ப் பேச வந்தவர்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி. என் துணிப்பையை முன்னால் நின்ற அம்மாளின் காலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இது புரியும். அங்கே குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒருத்தி குடத்தைத் தாண்டி இன்னொருத்தி போக மாட்டாள். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவள் காலால் அந்தக் குடத்தையும் தள்ளிக்கொண்டு வருவாள். வாய்ச்சண்டை ஆயிரம் நடக்கும், ஆனால் குடத்தை யாரும் எடுத்துத் தூரப் போட மாட்டார்கள்.

இங்கே என் பையை யாரும் தள்ளவில்லை. அதைச் சுற்றி இடம் காலியாகிக்கொண்டே போனது. சீருடை போட்ட பெரிய ஆள் ஒருவர் இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு, யாருடைய பை என்று கத்தினார். நான் கையைப் பாதி தூக்கினேன். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் தூக்குவேனே, பார்க்கவும் வேண்டும், பார்க்கவும் கூடாது என்று, அந்த மாதிரி.

என் பேத்தி தேன்மொழி ஓடி வந்தாள். பையைத் திறந்து ஸ்வெட்டரையும் புளிச்சோறு டப்பாவையும் எடுத்துக் காட்டினாள். அந்த ஆள் முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"இன்னா ஆயா நீ? குண்டு வச்சிட்டன்னு நெனச்சிட்டான்!"

"எடம் புடிச்சேண்டி."

"பையி எடம் புடிக்குமா?"

"நம்ம ஊர்ல குடம் புடிக்குது. பையி புடிக்கக் கூடாதா?"

"இன்னா குடம்?"

"அப்புறமா சொல்றேன், போ."

அவளுக்கு நான் வைத்திருந்த பதில் எப்போதும் அதுதான். அப்புறமா சொல்றேன்.

2

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் யார் முதுகுக்காவது பின்னால் போய் ஒதுங்கிவிடுவேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். ஊரில் இதைப் படிப்பவர்கள், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

இங்கே என் சின்ன மகள் பவானியோடு இருக்கிறேன். அவள் நர்ஸ். அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் காலையில் வேலை. நான் பகல் முழுக்க ஜன்னலோரம். இந்த ஊரிலும் ஒரு துறைமுகம் உண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கன்டெய்னர் பெட்டிகள் மலை மாதிரி அடுக்கியிருக்கும். கடலைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தும் எனக்கு அந்தப் பெட்டிதான் காட்சி. திரையை இழுத்து மூடிவிடுவேன். வெளிச்சம் வேண்டும் என்று பவானி திறந்துவிட்டுப் போவாள்.

மீன் கழுவினால் மேல் வீட்டில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்கும். அதனால் வாரத்தில் ஒரு நாள்தான் மீன். கடற்கரையில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு வாழ்க்கை.

டாக்டரிடம் போனாலும், ஏதாவது அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனாலும், ஒரு கேள்வி தப்பாமல் வரும். எத்தனை பிள்ளைகள்? நான் விரல் இரண்டைக் காட்டுவேன். அவர்கள் பவானியைப் பார்ப்பார்கள். ஒருத்தி இல்லை என்று பவானி மெதுவாகச் சொல்லுவாள். எழுதுகிறவர் தலை நிமிராமலே வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

அந்த இல்லாதவள் என் மூத்த மகள் செல்வி. தேன்மொழி செல்வியின் மகள். ஆனால் அம்மா என்று கூப்பிடுவது பவானியை. கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள் பவானிதான். செல்வியின் வீட்டுக்காரர் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை நல்லா இருந்தால் சரி என்று பவானிக்குத் தத்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

தேனுவுக்குத் தமிழ் என்னிடமிருந்து வந்தது. சின்னதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். 'வூடு' என்று சொன்னாளாம், எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்களாம். அங்கே நடத்துகிற அம்மாள் என்னைப் பார்த்து, "பாட்டி, குழந்தைகிட்ட கொஞ்சம் நல்ல தமிழ் பேசுங்க" என்றார். அன்றிலிருந்து நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். தேனு வளர வளர இங்கிலீஷுக்குள் போய்விட்டாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என்னிடம் பேசும்போது மட்டும் அந்த வூடும் கீதும் திரும்பி வரும். அதைக் கேட்கத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

அவளிடம் நாங்கள் ஒன்றை மறைத்தோம். உன்னைப் பெற்ற அம்மா செல்வி, நீ கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தோம். அவள் பிறந்தநாளும் செல்வி செத்த நாளும் ஒன்று என்பதைச் சொல்லவில்லை. வருஷா வருஷம் கேக் வெட்டுவோம். நான் விடியும் முன்பே குளித்து, ஒரு விளக்கை ஏற்றி, அவள் எழுந்து வருவதற்குள் அணைத்துவிடுவேன்.

மறைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை. செல்வியை எடுத்துப் போன பிறகு துக்கத்துக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, துணியில் சுற்றிய குழந்தையைப் பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பொட்டப் புள்ள. பொறக்கசொல்லவே ஆத்தாள முயுங்கிட்டு வந்துகீது பாரு."

அவள் கெட்டவள் இல்லை. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் பவானி அப்போது நர்ஸ் படிப்பில் இருந்தாள். பாய்ந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தபா இந்த வார்த்த வந்துச்சு, வாயில பல்லு இருக்காது. எந்திரிச்சுப் போ!"

அந்த வார்த்தை இந்தப் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்றுதான் பவானி கடல் தாண்டினாள். எனக்குத் தெரியும். சம்பளம் எல்லாம் அதற்கப்புறம்.

3

தேனு கல்லூரி நேரம் போக, கர்ப்பிணிப் பெண்களுக்கு உதவுகிற ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறாள். ஒரு நாள் அடுப்படி மேசையில் ஒரு கட்டுக் காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு படித்தாள். இந்த மாநிலத்தில் வரப்போகிற ஒரு சட்டத்தின் மசோதா.

"இதுல இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டேன். பொழுது போகாமல்தான் கேட்டேன்.

"புள்ள பெத்துக்கசொல்ல பொம்பளைங்க சாவுறாங்க இல்ல ஆயா? கறுப்புக்காரங்க, ஏழைங்கதான் நெறைய சாவுறாங்க. அது டாக்டர், மருந்து விஷயம் மட்டும் இல்ல. வேற காரணம் கீது. அதுக்கு கவர்மென்ட் பொறுப்பு எடுக்கணும்னு."

"வேற இன்னா காரணம்?"

விரலை வைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள். குடிக்கிற தண்ணீர். சாப்பாடு. மாசமாக இருப்பவளை வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது. புகை வருகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தனிக் கவனிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி.

அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு பெண் பிரசவத்தில் செத்தால் தலையெழுத்து என்பார்கள். இல்லையென்றால் பிறந்த பிள்ளையைச் சொல்வார்கள். தண்ணீரை யாரும் சொன்னதில்லை. ரோட்டை யாரும் சொன்னதில்லை. இங்கே ஒரு சட்டத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் வேண்டும் என்று சட்டசபையில் கீழ் வீட்டு டெனிஸ் என்கிற அம்மாள் பேசப் போகிறாளாம். அவள் தங்கை வாழ்ந்த பக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தங்கை மாதப் பரிசோதனைக்கே போக முடியாமல் இருந்து, கடைசியில் பிரசவத்தில் போய்விட்டாள். இன்னும் ஆள் வேண்டுமாம்.

"நீ வா ஆயா. உங்க குப்பத்துல எப்டி இருந்துச்சுன்னு சொல்லு. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

"அய்ய, நானா? போடி."

"பேசறவங்கள அவங்க மறக்க மாட்டாங்க. சொம்மா காயிதம் குடுத்தா தூக்கிப் போட்ருவாங்க."

பவானி அடுப்புப் பக்கம் திரும்பியபடியே நின்றிருந்தாள். தேனு தன் அறைக்குப் போன பிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா. செல்விய பத்தி வாயத் தொறக்காத."

"யாரோ ஒரு பொண்ணுன்னு சொல்றேன்."

"உன்னால முடியாது."

"இத்தினி வருசம் முடிஞ்சிதே."

பவானி குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டே இருந்தாள்.

4

அன்று தாழ்வாரத்தில் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். பெரிய அறை. மேடையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பேசுகிறவருக்கு முன்னால் ஒரு விளக்குப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். டெனிஸ் அம்மாள் பேசும்போது சிவப்பு வந்துவிட்டது. அவள் பாதியில் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குள் அதுவரை குட்மார்னிங் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தேனு என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நான் மேசையைப் பார்த்தே பேசினேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருந்தாள் என்று ஆரம்பித்தேன். தேனு அதை இங்கிலீஷில் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் தடவையாகப் படகுகள் கடலுக்குப் போன சமயம். தடைக்காலம் முழுக்க வருமானம் கிடையாது, அதனால் பெண்டாட்டி மாசமாக இருந்தாலும் அவரால் நிற்க முடியவில்லை. தண்ணீர்ப் பஞ்சம். அந்தப் பெண் நிறைமாச வயிற்றோடு லாரித் தண்ணீருக்கு வரிசை போட்டாள். வரிசையில்தான் வலி கண்டது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, தேனு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நன்றாகத்தான் போனது.

ஆட்டோவில் ஏற்றினோம். ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஹைரோட்டுக்கு வந்தால் இந்தப் பக்கமும் கன்டெய்னர் லாரி, அந்தப் பக்கமும் கன்டெய்னர் லாரி. முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. ஆட்டோக்காரர் இறங்கி ஒவ்வொரு லாரியாகத் தட்டிக் கும்பிட்டார். டிரைவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கும் நகர இடமில்லை. ஒருவர் தன் போர்வையை எடுத்துவந்து ஆட்டோவைச் சுற்றி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அங்கேயே குழந்தை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை.

இதுவரைக்கும் அது யாரோ ஒரு பெண்தான். அதற்கப்புறம் என் வாய் என்னிடம் இல்லை.

"'இன்னா கொயந்தம்மா?'ன்னு கேட்டா. 'பொண்ணுடி செல்வி'ன்னேன்."

தேனு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். மைக் முன்னால் இருப்பதையும் மறந்து தமிழில் கேட்டாள்.

"ஆயா. யாரு அது?"

நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் பிடிப்பது மாதிரி. பிறகு மைக் பக்கம் குனிந்து, இரண்டு மூன்று வாக்கியம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. அதில் 'மதர்' என்று வந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். மேடையில் இருந்த ஒரு அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

சிவப்பு வந்துவிட்டது.

5

சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிறைவேறிவிட்டது. ஆனால் வண்டி பற்றி இருந்த பகுதியை எடுத்துவிட்டார்கள். செலவு அதிகமாம், அதைத் தனியாக ஆராய்ந்து பிறகு பார்க்கலாமாம். டெனிஸ் அம்மாள் மாடி ஏறி வந்து தேனுவிடம் இதைச் சொன்னாள். அவள் தங்கை வண்டி இல்லாமல் செத்தவள். என் மகளும் ரோட்டில் செத்தவள். மிச்சம் எல்லாம் சட்டத்தில் இருக்கிறது, எங்கள் இரண்டு பேருடையது மட்டும் இல்லை. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நம்ம ஊரில் இப்போது போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது என்று சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ரோட்டில் லாரி வரிசை குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். போனில் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

6

சட்டசபையிலிருந்து திரும்பும்போது நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

தேனு காரில் ஏறி உட்கார்ந்தாள், ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

"அதான் என் பொறந்தநாளு அன்னிக்கி வௌக்கு ஏத்துறியா?"

அவள் பார்த்திருக்கிறாள்.

"ஆயா. என்னாலதானா?"

இந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் இத்தனை வருஷம். அந்த உறவுக்காரியின் வார்த்தை கடலைத் தாண்டி வந்துவிட்டது, யாரும் சொல்லாமலே. ஆனால் அன்று என்னிடம் பதில் இருந்தது.

"அந்த மசோதாவ நீதானே படிச்சிக் காட்டுன? அதுல தண்ணி கீது. வூடு கீது. வண்டி கீது. கொயந்தன்னு எங்கனா காரணம் போட்டுக்கீதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப உன் பேர யாரு எழுதறது? நீயா எழுதிக்குவியா?"

அப்போதுதான் அழுதாள். அவள் பவானி மாதிரிதான் எல்லாவற்றுக்கும் என்று நினைத்திருந்தேன். அழும்போது செல்வி மாதிரி உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

கொஞ்சம் அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்கல்லாம் கடக்கரைலதானே இருந்தீங்க? போட்டு இல்லியா? ஆஸ்பத்திரி பக்கம் வரைக்கும் கடல்லயே போயிருக்கலாமே?"

படகு விஷயத்தை நான் உள்ளே பேசும்போது சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது. பக்கத்து வீட்டு தேசப்பன் தன் ஃபைபர் படகைத் தள்ள ஆள் சேர்த்துவிட்டார். காசிமேடு மீன் துறைமுகத்தில் இறக்கினால் கல்மண்டபம் தாண்டி ஆஸ்பத்திரி. லாரி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கம் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. அதிலும் பிரசவ வலியோடு வைத்தால் தீட்டு, கடலில் இருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள்.

"வா தாயி, என் போட்டுக்கு இன்னா வந்தாலும் வரட்டும்" என்றார் தேசப்பன். அவர் வழக்கத்தையே விட்டுக்கொடுத்தார். நானும் ஏறுடி என்று கெஞ்சினேன். செல்விதான் படகின் விளிம்பைக்கூடத் தொடாமல் நின்றாள்.

"அவரு கடல்ல கீறாரும்மா. வேணாம். ஆட்டோ கூப்புடு."

அவள் வீட்டுக்காரர் நான்கு நாள் கழித்து மீனோடு கரைக்கு வந்தார். ஒரு கீறல் இல்லாமல் வந்தார்.

தேனு இதைக் கேட்டுவிட்டு என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குடம் இன்னா ஆச்சு?" என்றாள்.

இந்தத் தடவை அப்புறமா சொல்றேன் என்று தள்ளவில்லை; குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் பிளாஸ்டிக் குடம். கழுத்தில் விரிசல் விட்டு, கத்தியைப் பழுக்கக் காய்ச்சி ஒட்டவைத்தது. செல்வி குடம் என்று தெருவுக்கே தெரியும். ஆட்டோவில் ஏறும்போதுகூட, "குடம் நிக்குதும்மா, யார்னா பாத்துக்க சொல்லு" என்றாள். யாரிடமும் சொல்ல எனக்கு நேரமில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. பின்னால் இருந்தவள் தள்ளியிருக்கிறாள், அவளுக்குப் பின்னால் இருந்தவளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். லாரி வந்ததும் அதை நிரப்பி, எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் செல்வி வந்தாள், துணி போர்த்தி.

சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவது வழக்கம். அண்டா, தவலை எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். அந்தப் பஞ்சத்திலும் கவிழ்த்தார்கள். பச்சைக் குடத்தில் ஒருவர் கை வைத்தபோது எதிர்வீட்டுக் குப்பம்மா வந்து நின்றுகொண்டாள்.

"அது வாசலுக்கு வெளிய கீது. வூட்டுத் தண்ணி இல்ல அது. தொடாத."

ஒரு தட்டைப் போட்டு மூடினாள். உள்ளே இருந்து குடிக்கக்கூட அதில் யாரும் மொள்ளவில்லை.

"உன்ன ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்தோமே, அன்னிக்கி அந்தத் தண்ணியத்தான் காய வச்சாங்க. பவானி ஊத்துனா, நான் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனேன். வூட்ல நீ மொத மொத குளிச்சது உங்கம்மா புடிச்ச தண்ணிடி."

தேனு பையிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரே துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று சிக்னலில் நின்று, நகர்ந்து போனது. அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"குடம் நின்னா ஆளு நின்னா மாரி. அப்டித்தானே ஆயா?"

"ஆமாண்டி," என்றேன். "அப்டித்தான்."